எலியின் உடற்சூடு

நேயர்களுக்கு வணக்கம். காலையில் பல் துலக்கும்போது வாய் கோணியது, கையிலிருந்த தம்ளர் நழுவியது என்று பக்கவாதம் வந்தவரின் வீட்டார் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். பக்கவாதங்களுள் பெரும்பாலானவை மூளைக்குச் செல்லும் ஒரு தமனி அடைபடுவதால் வருபவை. அந்த அடைப்பை ஓர் எலியிடம் உண்டாக்கிப் படிப்பதே என் பல ஆண்டுப் பணி.

ஒரு வாய்க்கால் தூர்ந்தால், அதை மட்டுமே நம்பிய வயல் முதலில் கருகும். பக்கத்து வாய்க்காலின் கசிவு எட்டும் வயலோ வாடுமே தவிர, உடனே சாகாது. மூளையிலும் அப்படி வாடிக்கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. சிகிச்சை என்பதெல்லாம் அதைக் காப்பதற்குத்தான்.

1986-இல் ஜப்பானில் கொய்சுமி குழுவினர், மண்டையோட்டைத் திறக்காமல், கழுத்துத் தமனி வழியாக ஒரு மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி மூளையின் நடுத்தமனியை அடைக்கும் முறையைக் கண்டார்கள். 1989-இல் லோங்கா என்ற ஆய்வாளர் அதைச் செம்மைப்படுத்தினார். இழையை உருவிவிட்டால் ரத்தம் மீண்டும் பாயும் என்பதே அதன் சிறப்பு. ஆனால் இழையைச் செலுத்தத் தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுண்டு: எலியின் உடற்சூட்டைக் கவனியுங்கள்.

அதற்குக் காரணம் எங்களுக்கு நேர்ந்த ஓர் அவமானம். ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மூளையைச் சீவல்களாக அரிந்து சாயத்தில் ஊறவைத்தால் உயிருள்ள பகுதி சிவக்கும், மாண்ட பகுதி வெளுத்திருக்கும். மருந்து பெற்ற எலிகளில் வெளுத்த இடம் மற்றவற்றில் பாதிகூட இல்லை. இனிப்பு வாங்கி உண்டோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு, விலங்கறையைப் பார்த்துக்கொண்ட ஊழியர்தாம் கேட்டார்: "மருந்து எலிகளை எப்போதும் காலையில்தானே அறுவைக்கு எடுக்கிறீர்கள்?" காலையில் குளிரூட்டி முழுவேகத்தில் ஓடும், பிற்பகலில் மின்சாரம் போய் அறை புழுங்கும். மயக்கத்திலுள்ள எலியால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள இயலாது. மூளைச்சூடு இரண்டு டிகிரி குறைந்தாலே நரம்பணுக்கள் பெருமளவு தப்புகின்றன என்று மயாமி ஆய்வாளர்கள் 1987-இலேயே காட்டியிருந்தார்கள். அதைப் படித்தும் நாங்கள் எலிக்கு அடியில் சூடு தரும் திண்டை வைக்கவில்லை. வெப்பமானி வைத்து, எந்த எலிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து மீண்டும் செய்தபோது, மருந்தின் பயன் காணாமற்போயிற்று.

இது எங்கள் கதை மட்டுமன்று. விலங்குகளிலும் பிற சோதனைகளிலும் முயலப்பட்ட 1,026 பக்கவாதச் சிகிச்சைகளை 2006-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு வரிசைப்படுத்தியது; அவற்றுள் மனிதரிடம் தேறியவை மிகச் சில. ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து தேறியது. 1985-இல் ஜிவின் குழுவினர் முயல்களின் மூளைக்குச் சிறு ரத்த உறைவுகளையே அனுப்பி அதைச் சோதித்தனர். பத்தாண்டு கழித்து, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் மனிதருக்கும் பயன் உண்டு என்பது உறுதியாயிற்று. அங்கே முயலின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றையொன்று ஒத்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். நாம் சோதிப்பவை பெரும்பாலும் இளமையும் நலமும் உள்ள ஆண் எலிகள். மருத்துவமனைக்கு வருகிறவர்களோ முதுமையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உடையவர்கள். கியோட்டோவில் 1963-இல் உருவான உயர் ரத்த அழுத்த எலிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அவற்றின் வழிவந்த ஓர் இனத்துக்குப் பக்கவாதம் தானாகவே வரும்; ஆயினும் ரத்தக்கசிவும் கலந்து வருவதால், அடைப்பைத் தனியே படிக்க அது எளிதன்று. வணக்கம்.