கதவைப் பூட்டிய பிறகு

கர்த்தருக்குள் பிரியமான சகோதரரே, சகோதரிகளே,

தனிமையில் வரும் சோதனை என்றதும் வாலிபப் பிள்ளைகளை மட்டும் நினைக்கிறோம். நம் தோட்டங்களைச் சுற்றிப் பாருங்கள். மனைவி குவைத்துக்குப் போயிருக்க, பிள்ளைகள் உறங்கிய பின்னும் விழித்திருக்கும் தகப்பன். கொழும்பில் கடைக்கு மேல் மாடியில் படுக்கும் மகன். பிள்ளைகள் எல்லாரும் மலையை விட்டு இறங்கிப் போக, லயக் காம்பராவில் ஒற்றையாய் இருக்கும் தாத்தா. தூரத்துப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை. ஒருவருக்குக் கசிப்பு, ஒருவருக்குக் கையிலிருக்கும் போன், ஒருவருக்குப் பழைய பகை, ஒருவருக்கு 'இனி இருந்து என்ன' என்கிற எண்ணம்.

தனிமை பாவம் அல்ல. இயேசுவை வனாந்தரத்துக்குக் கொண்டுபோனவர் ஆவியானவர்தான் என்று மத்தேயு 4:1 சொல்கிறது. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணச் சொன்னவரும் இயேசுவே. ஆனால் தனிமைக்குப் பயிற்சி வேண்டும். ஹப்புத்தளை அடிசம் பங்களாவைப் பார்த்தவர்கள் ரோஜாச் செடிகளையும் ஜாம் போத்தல்களையும் நினைவில் வைத்திருப்பீர்கள். அது ஒரு பெனடிக்டின் மடம். புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கு நூலின் முதல் அதிகாரமே எச்சரிக்கிறது: தனித்து வாழப் போகிறவர் மடத்தில் பலரோடு நெடுங்காலம் போராடிப் பழகியிருக்க வேண்டும், புது ஆர்வத்தில் கிளம்பக் கூடாது. நம்மவர்களோ எந்தப் பயிற்சியும் இல்லாமல், பிழைப்புக்காகத் தனிமைக்குள் தள்ளப்பட்டவர்கள். ஆகவே பயிற்சியை இருக்கிற இடத்திலேயே தொடங்க வேண்டும்.

முதல் வேலை, உங்கள் நேரத்தைக் கண்டுபிடிப்பது. சோதனை எந்த நேரத்திலும் வரலாம் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் அது பழகிய நேரம் ஒன்று உண்டு. தாவீது விழுந்தது எப்போது? ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில், அவர் எருசலேமிலே இருந்துவிட்டு, சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உலாத்தியபோது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியஸ், சோர்வின் ஆவி காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை துறவியைத் தாக்கும் என்று எழுதி வைத்தார். அந்நேரம் சூரியன் நகராதது போலத் தோன்றுமாம், கண் ஜன்னலையே நாடுமாம். அவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்.

நீங்களும் 7 நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணி, எந்த இடம், சாப்பிட்டேனா, முந்தின இரவு எத்தனை மணிநேரம் தூங்கினேன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. விழுந்த பாவத்தை விவரித்து எழுத வேண்டாம். அது மறுபடி அதையே மென்று பார்ப்பதாகிவிடும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஒரே நேரமோ ஒரே சூழ்நிலையோ திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சம்பள நாள் மாலையாக இருக்கலாம், வீட்டுக்காரியோடு போனில் சண்டை பிடித்த இரவாக இருக்கலாம்.

நேரம் தெரிந்ததும் அதற்கு முந்தின படியில் கை வையுங்கள். போயா தினத்தில் சாராயக் கடை மூடியிருக்கும். ஆனாலும் அன்று குடிக்கிறவர் உண்டு, முதல் நாளே வாங்கி வைத்திருப்பார். அவர் தோற்றது போயா இரவில் அல்ல, முதல் நாள் கடை வாசலில். போனும் அப்படித்தான். படுக்கையில் போர்வைக்குள் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்தால் பத்தில் ஒன்பது தடவை போன்தான் ஜெயிக்கும். இரவு எட்டு மணிக்கு அதைக் குசினியில் சார்ஜில் போடுங்கள். விடிய எழும்ப ஒரு அலாரம் மணிக்கூடு போதும். யோசேப்பு, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் எஜமானின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டபோது, வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். நாம் நின்று சிந்தனையோடு பேசுகிறோம், தோற்பது அங்கேதான். எழும்பி இஸ்தோப்புக்கு வாருங்கள். குளிரில் நாலு நிமிஷம் நின்றாலே உடம்பு வேறு நிலைக்கு மாறும்.

அடுத்தது வசனம். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. பிசாசும் வசனம் சொன்னான், 91ஆம் சங்கீதத்திலிருந்து. அதனால் காலண்டரில் கிழித்த ஒற்றை வசனம் போதாது, பகுதியாகப் பாடமாக்குங்கள். உபாகமம் 8இல் 20 வசனங்கள். வாரம் இரண்டு என்றால் பத்து வாரம். கொழுந்து எடுக்கும் மலையில் வாய்க்குள் சொல்லிச் சொல்லியே பாடமாகிவிடும். சோதனை வரும்போது மனதுக்குள் அல்ல, காதுக்குக் கேட்கச் சொல்லுங்கள். லயத்துச் சுவர் மெல்லியது என்றால் முணுமுணுத்தாலும் போதும்.

இனி எலியாவிடம் வருகிறேன், அவரிடம் சற்று நேரம் நிற்க வேண்டும். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். தேவன் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வெறும் பிளேன்டீயோடு படுத்துவிட்டு, நடுச்சாமத்தில் மனம் உடைந்து, 'எனக்கு விசுவாசம் இல்லை' என்று அழுகிறவர்களே, முதலில் ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிடுங்கள். களைத்த உடம்போடு இருக்கிறவர் உபவாசம் போடுவது இந்தச் சோதனைக்கு மருந்தல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் வருமானால் அதைப் பாவமென்று மறைக்காதீர்கள். வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசக் கேட்பார்கள். போதகரிடமும் சொல்லுங்கள். இரண்டும் வேண்டும்.

'நான் ஒருவன் மாத்திரம்' என்று எலியா சொன்னார். 7000 பேர் மீதியாயிருந்தார்கள், அவருக்குத் தெரியவில்லை. தேவன் எலிசாவை அவருக்குத் துணையாகக் காட்டினார். ஆகவே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். ஊர்க்கதை பேசாதவராக இருக்க வேண்டும், இது மிக முக்கியம். ஒரு லயத்தில் சொன்னது விடிவதற்குள் மறு டிவிஷனுக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. வாரம் ஒரு முறை, ஒரே கேள்வி: 'அந்த நேரத்தில் என்ன செய்தாய்?' கத்தோலிக்கச் சகோதரருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். 'இனி ஒருநாளும் செய்யமாட்டேன்' என்று பெரிய பொருத்தனை பண்ணாதீர்கள். மூன்றாம் நாள் விழுந்ததும் வெட்கத்தில் ஆராதனைக்கும் வராமல் போகிறவரை எல்லாச் சபைகளிலும் காணலாம். இன்று இரவுக்கு மட்டும் ஜெபியுங்கள், நாளைக்கு மறுபடி.

மூப்பர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் யார் யார் ஒற்றையாய் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே பெயர் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ப் பார்ப்பதைவிட, இருட்டி, பனி இறங்கி, ஏழு மணிக்குக் கதவைத் தட்டுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடித்து, ஒரு சங்கீதம் வாசித்து, அரை மணிநேரம் இருந்துவிட்டு வாருங்கள்.