போருக்குப் போகாமல் போரை எழுதிய ஜான் கீகன்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது ஜான் கீகன் என்ற ஆங்கிலேய ராணுவ வரலாற்றாசிரியரைப் பற்றி. 1934ல் லண்டனில் பிறந்தவர், 2012ல் காலமானார். ராணுவ வரலாறு என்றாலே எந்தத் தளபதி எந்தப் பக்கம் படையை நகர்த்தினார், யார் ஜெயித்தார்கள், வரைபடத்தில் அம்புக்குறி எங்கே போகிறது என்று ஓடிக்கொண்டிருந்த துறையில், அங்கே நின்ற சாதாரண சிப்பாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களில் முக்கியமானவர் அவர். அந்தக் கேள்வி அவர் வீட்டிலிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

அவருடைய அப்பா முதல் உலகப்போரில் சண்டை போட்டவர். அப்பாவின் இரண்டு சகோதரர்களும் அப்படித்தான், கீகனுக்குப் பிற்பாடு வாய்த்த மாமனாரும் அப்படித்தான். போருக்குப் போய்வந்த ஆண்களுக்கும், அவர்களைப் பற்றிய செய்திக்காக வீட்டில் காத்திருந்த பெண்களுக்கும் நடுவில் வளர்ந்தவன் நான் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்பா பள்ளி ஆய்வாளர். இரண்டாம் உலகப்போரில் லண்டன் பிள்ளைகளைக் குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பியபோது அவர்களைக் கவனிக்கும் வேலை அவருக்கு வர, குடும்பமே சோமர்செட் பக்கம் போய்விட்டது. 1944 ஜூனில் ஒரு ராத்திரி வானம் முழுக்க விமான இரைச்சல், வீட்டில் எல்லோரும் தோட்டத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியின் பிடியிலிருந்த பிரான்சில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நார்மண்டி படையெடுப்பு அது. பையனுக்கு அப்போது 10 வயது.

அப்புறம் 13 வயதில் எலும்புக் காசநோய் வந்து இடுப்பைத் தாக்கியது. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க விந்தி விந்தித்தான் நடந்தார். ராணுவத்தில் சேரும் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்து, 1960ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சாண்ட்ஹர்ஸ்ட் அகாடமியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதே வருஷம்தான் சூசனைக் கல்யாணம் செய்துகொண்டார், அவரும் எழுதுகிறவர். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள்.

சாண்ட்ஹர்ஸ்டில் 26 வருஷம் இருந்தார். யோசித்துப் பாருங்கள், எதிரே உட்கார்ந்திருப்பது நாளைக்கே துப்பாக்கி முனையில் நிற்கப்போகிற பிள்ளைகள், சொல்லிக்கொடுப்பவர் சண்டையைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இந்தச் சங்கடத்தை அவர் மறைக்கவே இல்லை. 1976ல் வந்த ‘தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்’ புத்தகத்தின் தொடக்கத்திலேயே நான் எந்தப் போரிலும் இருந்ததில்லை, பக்கத்தில்கூடப் போனதில்லை என்று ஒப்புக்கொண்டு, போருக்குப் போனவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவர்களில் என் அப்பாவும் மாமனாரும் உண்டு என்கிறார்.

1415ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய அஜின்கோர்ட், 1815ல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ, 1916ல் முதல் உலகப்போரின் சோம், மூன்று சண்டைகள்தான் அந்தப் புத்தகம். வாட்டர்லூவில் குதிரைப்படை பாய்ந்துவந்து காலாட்படையை இடித்துத் தள்ளியது போல ஓவியங்களில் பார்த்திருப்போம். கீகன் குதிரையின் பக்கத்திலிருந்து யோசிக்கிறார். துப்பாக்கிக் கத்திகளை நீட்டிக்கொண்டு சதுரமாக நெருக்கி நிற்கிற மனிதச் சுவரின் மேல் எந்தக் குதிரையும் தானாகப் போய் மோதாது, விலகிச் சுற்றிக்கொண்டுதான் ஓடும். அப்படியானால் காலாட்படை வீரன் நகராமல் நின்றான் என்பதுதான் விஷயம், அவன் ஏன் ஓடவில்லை?

சோம் அத்தியாயம் இன்னும் கடுமை. பிரிட்டிஷ் பீரங்கிகள் ஜெர்மானிய அகழிகள் மேல் ஏழு நாள் பொழிந்தது ஏறத்தாழ 15 லட்சம் குண்டுகள். ஜெர்மானியர்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள், முள்கம்பி வேலியும் அறுந்திருக்கும் என்று நம்பி, ஆளுக்கு 27 கிலோ போலச் சுமையோடு சிப்பாய்களை நடக்க வைத்தார்கள். ஜெர்மானியர்களோ 30 அடி ஆழம் வரைக்கும் தோண்டிய பதுங்கு அறைகளில் உயிரோடு இருந்தார்கள். குண்டுவீச்சு முன்னால் நகர்ந்ததும் ஓட்டப்பந்தயம் ஆரம்பித்தது, பிரிட்டிஷ்காரன் திறந்தவெளியைக் கடந்து அகழியின் விளிம்புக்கு வருவதற்குள் ஜெர்மானியன் படியேறி இயந்திரத் துப்பாக்கியை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் படியேறியவன்தான் முந்தினான். 1916 ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் மட்டும் 19,240 பேர். அந்த எண்ணிக்கையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அந்தப் படிக்கட்டை எனக்குக் காட்டியவர் கீகன்தான்.

1986ல் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் பாதுகாப்புத் துறை நிருபராகச் சேர்ந்தார், 2000ல் சர் பட்டம் கிடைத்தது, இதெல்லாம் இருக்கட்டும். குடும்பத்தோடு வில்ட்ஷயரில் கில்மிங்டன் என்ற சின்னக் கிராமத்தில் வாழ்ந்தார். 1998ல் முதல் உலகப்போர் வரலாற்றை எழுதியபோது, அந்தக் கிராமத்திலிருந்து போருக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்குத்தான் அதைச் சமர்ப்பித்தார். உலகமே வாங்கிப் படித்த புத்தகம், முதல் பக்கத்தில் தன் ஊர்க்காரர்கள்!

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. போர் என்பது அரசியலின் தொடர்ச்சி என்று சொன்ன பிரஷ்ய ராணுவச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸின் கருத்தை 1993ல் எழுதிய போர் வரலாற்றில் தூக்கி எறிந்தார். கிளாஸ்விட்ஸைத் தப்பாகப் படித்திருக்கிறார் என்று துறை வல்லுநர்கள் பிடித்துக்கொண்டார்கள், அந்த இடத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. பெரிய கொள்கைகள் பேசும் இடத்தில் அவர் கொஞ்சம் அவசரக்காரர். ஒரு மனிதனின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அவருக்கு நிகராகச் சொல்ல எனக்குச் சட்டென்று வேறு பெயர் வரவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். நம் சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிறதே போர்க் கல்லறைத் தோட்டம், அதைப் பராமரிப்பது அந்த ஆணையம்தான். தளபதிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வீரர்களுக்குத் தனிக் கல்லோ, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயரோகூட வைக்கவில்லை என்று 2021ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெயர்களைத் தேடும் வேலை நம் ஆட்களும் செய்ய வேண்டியது, கீகன் கேட்ட மாதிரி வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே அதை ஆரம்பிக்கலாம். இங்கே யார் வீட்டிலாவது தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பர்மாவுக்கோ மெசபடோமியாவுக்கோ (இன்றைய ஈராக்) படையில் போன கதை இருந்தால் இப்போதே சொல்லுங்கள், கேட்கிறேன்.