எது முந்தியது? லெஸ்லி லாம்போர்ட்டின் கடிகாரம்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் கிளவுட் வேலைகளுக்குத் தயாராகி வருகிறீர்கள். நல்லது, படியுங்கள். கூடவே இன்னொன்றையும் படியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். பல கம்ப்யூட்டர்களில் நடப்பவற்றில் எது முந்தியது என்று எப்படித் தீர்மானிப்பது என்பதைப் பற்றி 1978 ஜூலையில் வெளியான எட்டுப் பக்கக் கட்டுரை அது. எழுதியவர் லெஸ்லி லாம்போர்ட். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2013-க்குப் பெற்றவர். உங்களில் சிலர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் லாடெக் மென்பொருளும் அவர் செய்ததுதான்.

ரயிலில் ஒரே ஒரு இருக்கை மிச்சம் இருக்கிறது. இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பேர் அதைக் கேட்கிறார்கள். கோரிக்கைகள் வெவ்வேறு சர்வர்களுக்குப் போகின்றன. முதலில் கேட்டவர் யார்? கடிகாரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். எந்தக் கடிகாரத்தை? சாதாரணக் கம்ப்யூட்டரின் குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு நாளில் ஒரு விநாடி, அதற்கு மேலும்கூட, விலகிப்போகும். நெட்வொர்க் வழியாகத் திருத்தலாம். ஆனால் திருத்த வரும் செய்தியும் வழியில் எவ்வளவு தாமதமானது என்று துல்லியமாகத் தெரியாது. பெரிய சேவைகளில் அந்த ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்துபோய்விடும்.

லாம்போர்ட் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலை நன்றாக அறிந்தவர். எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குப் பழகிய சிந்தனை. அதனால் மணி என்ன என்று அவர் கேட்கவில்லை. இந்த நிகழ்ச்சி அந்த நிகழ்ச்சியைப் பாதித்திருக்க முடியுமா என்று கேட்டார். ஒரே கம்ப்யூட்டருக்குள் நடப்பவற்றுக்கு வரிசை உண்டு. ஒரு செய்தி பெறப்படுவதற்கு முன்னால் அது அனுப்பப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டே போகலாம். சங்கிலியில் சேராத இரண்டு நிகழ்ச்சிகளில் எதுவும் முந்தியது இல்லை. முதல் தடவை கேட்கும்போது மனம் இதை ஏற்காது. எனக்கோ கட்டுரையிலேயே மிக அழகான இடம் இதுதான்.

செய்முறை மிக எளிது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். ஏதாவது நடந்தால் ஒன்று கூட்டும். செய்தி அனுப்பினால் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பும். என்னிடம் 2 இருக்கிறது, 5 என்ற எண்ணோடு செய்தி வருகிறது என்றால், இரண்டில் பெரியதை எடுத்து ஒன்று கூட்டி 6 என்று வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். எண்கள் சமமாக வந்தால் கம்ப்யூட்டர்களுக்கு முன்பே கொடுத்த வரிசைப்படி தீர்த்துக்கொள்ளலாம். இதன் வழிவந்தவை வெக்டர் கடிகாரங்கள்; அவற்றில் ஒரே எண்ணுக்குப் பதில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் இருக்கும். அவற்றைத்தான் அமேசான், தரவைச் சேமிக்கும் தன் டைனமோ அமைப்பில் பயன்படுத்தியது. அதைப் பற்றிய கட்டுரை 2007-இல் வந்தது.

அதே எட்டுப் பக்கங்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரே நிலையில் தொடங்கி, ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் செய்யும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நிலையில்தான் போய் நிற்கும். அதாவது வரிசையை மட்டும் ஒத்துக்கொண்டால், பல சர்வர்களில் உள்ள நகல்கள் ஒன்றுபோலவே இருக்கும். படித்தவர்களில் பலர் இதைக் கவனிக்கவே இல்லை என்று லாம்போர்ட்டே பின்னர் எழுதியிருக்கிறார்.

சரி, நடுவில் ஒரு சர்வர் செத்துப்போனால்? அதற்குத்தான் லாம்போர்ட்டின் இன்னொரு வழிமுறையான பாக்ஸோஸ். ஐந்து சர்வர்களில் மூன்று ஒத்துக்கொண்டால் முடிவு செல்லும். எந்த மூன்றையும், வேறு எந்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு சர்வராவது பொதுவாக இருந்தே தீரும். எடுத்த முடிவு தொலையாமல் காப்பது அந்தப் பொது சர்வர்தான். இதை ஒரு கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றக் கதையாக எழுதி 1990-இல் ஆய்விதழுக்கு அனுப்பினார். கதையை எடுத்துவிடச் சொன்னார்கள், அவர் இசையவில்லை. 1998-இல்தான் அச்சேறியது. ஒன்றை ஒரே நேரத்தில் பலர் மாற்றிவிடாமல் பூட்டிவைக்கும் கூகுளின் சப்பி என்ற சேவை இதன் மேல்தான் கட்டப்பட்டது.

இப்படிப்பட்ட அமைப்புகளைச் சோதித்துப் பார்த்தே பிழையைப் பிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். வடிவமைப்பைக் கணிதமாக எழுதிச் சரிபார்க்க, டிஎல்ஏ பிளஸ் என்ற மொழியையும் லாம்போர்ட் உருவாக்கினார். அமேசான் பொறியாளர்கள் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் வடிவமைப்பை அதில் எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். தரவே தொலைந்துபோகக்கூடிய ஒரு பிழை அகப்பட்டது. அது வெளிப்படுவதற்குக் குறிப்பிட்ட வரிசையில் 35 படிகள் நடக்க வேண்டும். அதற்கு முன் நடந்த சோதனைகள், வடிவமைப்பு ஆய்வுகள், கோட் ரிவியூக்கள் எல்லாவற்றையும் தாண்டி அது உள்ளே இருந்திருக்கிறது.