சி.வி. ராமனின் 'சி' யார்?

பெரியோர்களுக்கும், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

'ஒரே பெயர் கொண்ட அறிஞர்கள்' பற்றிப் பேசச் சொல்லி என்னைச் சுங்கை சிப்புட்டுக்கு அழைத்தார்கள். நான் சந்திரசேகர் என்ற பெயரை எடுத்துக்கொண்டேன். சுயநலம்தான். கித்தா மரம் சீவிய என் தாத்தாவின் பெயர் சந்திரசேகரன். எங்கள் தோட்டத்துக் கிராணி, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் அந்தப் பெயரை எஸ்-ஸில் தொடங்கி எழுதினார். சித்தப்பாவின் பத்திரத்தில் சி-எச்-சில் தொடங்கினார். இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன்தான் என்று நிரூபிக்க அவர்கள் படாத பாடு பட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1930-ல் நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனைத் தெரியாதவர் இங்கே இல்லை. அந்த 'சி' யார்? அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். வயலினில் ஆசை உள்ளவர்.

தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன். அதுதான் பேச்சில் பேரன் ஆனது. வாத்தியாரின் மூத்த மகன் சுப்பிரமணிய ஐயருக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. அவருக்கு 1910-ல் லாகூரில் பிறந்த ஆண்பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த அந்தப் பையன், 1930 ஜூலைக் கடைசியில் பம்பாயில் கப்பலேறினான். வயது 19. மலாயாவுக்கு வந்த நம் தாத்தாக்கள் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் சுருண்டு கிடந்த அதே காலம். இவனோ கடல் கொஞ்சம் அடங்கியதும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான்.

என்ன கணக்கு? எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கும். உள்ளே நெருங்கிக் கிடக்கும் எலக்ட்ரான்கள் ஒரு கட்டத்தில் எதிர்த்துத் தள்ளி, அந்தச் சுருக்கத்தை நிறுத்தும். அப்படி அடங்கிப்போனதுதான் வெள்ளைக் குள்ளன். ஆனால் அதன் எடை நம் சூரியனைப்போலச் சுமார் 1.4 மடங்கைத் தாண்டிவிட்டால் எலக்ட்ரான்களாலும் தாங்க முடியாது, சுருக்கம் நிற்காது. சந்திரசேகர் எல்லை என்பது இதைத்தான்.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அன்றைய வானியலில் அவர் சொல்லே வேதவாக்கு, சந்திரசேகருக்கு வேண்டியவரும்கூட. நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்ற பொருளில் அவர் பேச, சபை சிரித்தது. நானாக இருந்தால் அன்று இரவே ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பேன். இவர் எடிங்டனோடு நட்பைக்கூட முறித்துக்கொள்ளவில்லை. 1937-ல் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே கடைசிவரை இருந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது அடுத்த கதை. அவர் வேலை பார்த்த, அந்தப் பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மிகச் சிறிய வகுப்பு ஒன்றுக்குப் பாடம் நடத்த அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவாராம். லீ, யாங் என்ற இரண்டு சீனர்கள் அதில் இருந்தார்கள். 1957-ல் இருவருக்கும் நோபல்! வாத்தியாருக்குக் கிடைத்தது 1983-ல், 73 வயதில். மாணவர்கள் 26 வருஷம் முந்திக்கொண்டார்கள்.

ராமனின் அப்பாவான விசாகப்பட்டினத்து வாத்தியாருக்கு மகள் வழியில் இன்னொரு பேரன். அவர் பெயரும் சந்திரசேகர்தான். 1930-ல் பிறந்தவர். திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் பொருள்தான் திரவப் படிகம். அதன் மூலக்கூறு என்றால் குச்சிபோல் நீளமாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். தட்டு வடிவ மூலக்கூறுகளும் அப்படி அடுக்கடுக்காக நிற்கும் என்று 1977-ல் பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தில் தம் குழுவினரோடு காட்டினார். டிவித் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் கெடாமலிருக்க அந்தத் தட்டு வகையில் செய்த படலம் உதவியிருக்கிறது.

டாக்டர் சந்திரசேகர் யாரும் இல்லையா என்று தலைவர் கேட்டார். ஸ்ரீபதி சந்திரசேகர் இருக்கிறார். ராஜமுந்திரிக்காரர், இந்தக் குடும்பம் அல்ல. 1967-ல் இந்தியாவின் சுகாதார அமைச்சரானவர். ஆனால் மக்கள்தொகை படித்து வாங்கிய டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை.

நட்சத்திரக்காரரை நண்பர்கள் 'சந்திரா' என்றுதான் கூப்பிடுவார்கள். 1999 ஜூலையில் நாசா அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அதே செல்லப்பெயரை வைத்தார்கள். அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்த்தேன். சி-எச். சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

தேத்தண்ணி ஆறுகிறது. பின்வரிசைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். கேளப்பா.