புது மிரர்லெஸ் கேமரா: மெனுவில் எதை முதலில் தொட வேண்டும்?

[திரையில்: கேமராவின் மெனு ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது]

வணக்கம். புதுக் கேமராவின் மெனுவைத் திறந்தால் அது முடிவில்லாமல் போகும். படமெடுப்பதற்கு ஒரு பகுதி, ஃபோகஸுக்கு ஒரு பகுதி, வீடியோவுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் பல பக்கங்கள். வரிசையாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க உட்கார்ந்தால் பாதி வழியிலேயே சலிப்புத் தட்டிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் ஆட்டோவிலேயே விட்டுவிடுவோம்.

அதனால் இந்த வீடியோவில் மெனுவின் வரிசைப்படி போகப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம். இந்த செட்டிங் தப்பாக இருந்தால், படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அதை இன்றைக்கே கவனிக்க வேண்டும். முடியும் என்றால் அது மெல்ல வரட்டும்.

கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர்கள் மாறும். பெயர்கள் முக்கியமாக வேறுபடும் இடங்களில் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

[திரையில்: வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரம், நெருக்கத்தில்]

மெனுவுக்குள் போவதற்கு முன் ஒரு வேலை. கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரமான வ்யூஃபைண்டர் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கும். கண்ணை வைத்து, எதிரே உள்ள காட்சியைப் பார்க்காமல், கீழே தெரியும் எண்களைப் பாருங்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை சக்கரத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போட்டே படமெடுப்பவர்கள் இதையும் கண்ணாடியோடு செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஃபோகஸ் சரியாக இருக்கும் படம்கூடக் கலங்கித் தெரியும். லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

சரி, இப்போது மெனு. முதலில் தேதி, நேரம், நேர மண்டலம். ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு கேமராக்களில் எடுத்தால், படங்களை வரிசைப்படுத்தும்போது இதன் அருமை தெரியும்.

அடுத்தது, கார்டு இல்லாமலே ஷட்டர் விழுவதற்கான அனுமதி. கடைகளில் கேமராவைக் காட்டுவதற்கு உதவும் செட்டிங் இது. உங்கள் கேமராவில் இது இயங்கிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கார்டு உள்ளே இல்லாமல் எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வையுங்கள். ஒன்று நிறைந்த பிறகு மற்றொன்றுக்குப் போகும் முறையை விட இதுவே பாதுகாப்பு. திரும்ப எடுக்கவே முடியாத நிகழ்ச்சிகளுக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

[திரையில்: ஒரே படம் இரண்டு முறை. இடப்பக்கம் ஜேபெக், வலப்பக்கம் ரா. இரண்டிலும் நிழல் பகுதி மெல்ல வெளிச்சமாகிறது]

இப்போது படத்தின் தரம். ஜேபெக்கா, ராவா? ஜேபெக் என்பது கேமராவே முடித்துத் தரும் படம். ரா என்பது சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, தந்த தகவலைச் சமைக்காமல் வைத்திருக்கும் ஃபைல். ஜேபெக் ஃபைலில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிநிலைகள். திரையில் இருட்டான பகுதியைப் பிற்பாடு வெளிச்சமாக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஜேபெக்கில் நிறங்கள் திட்டுத்திட்டாகப் பிரிகின்றன. ராவில் அந்தச் சுவரும் நாற்காலியும் இயல்பாக வெளியே வருகின்றன.

எடிட்டிங் இன்னும் பழகவில்லை என்றால் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஜேபெக்கை இன்றைக்கே அனுப்பலாம், ராவை எடிட்டிங் பழகிய பிறகு திறக்கலாம். ராவைச் சுருக்கும் முறையைக் கேட்டால், தர இழப்பில்லாத சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இடமும் மிச்சம், விவரமும் போகாது.

ராவில் எடுப்பது என்று முடிவானதும் மெனுவில் ஒரு பெரிய பகுதி நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. ஒயிட் பேலன்ஸ் (விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது), நிற பாணி, ஷார்ப்னெஸ், அதிக ஐஎஸ்ஓவுக்கான நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிகள்) குறைப்பு, இவை எல்லாம் ஜேபெக்கைத்தான் மாற்றும். ராவில் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுங்கள். நிறவெளி (படத்தில் அடங்கும் நிறங்களின் எல்லை) கேட்கும் இடத்தில் எஸ்ஆர்ஜிபி இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி வைத்த ஜேபெக்குகள், நிறக் குறிப்பைப் படிக்கத் தெரியாத ஆப்களில் வெளுத்துத் தெரியும்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் ராவையே பாதிக்கும் சில செட்டிங்குகளும் ஒளிந்திருக்கின்றன. இதைக் கவனமாகக் கேளுங்கள். ஃபியூஜிஃபில்மில் டைனமிக் ரேஞ்சை 200 அல்லது 400 என்று வைத்தாலும், கேனானில் ஹைலைட் டோன் ப்ரயாரிட்டியைப் போட்டாலும், கேமரா தாழ்ந்த ஐஎஸ்ஓவுக்குப் போக மறுக்கும். பிரகாசமான பகுதிகளைக் காப்பாற்றுவதற்காக, படத்தையே உள்ளுக்குள் குறைந்த எக்ஸ்போஷரில், அதாவது கொஞ்சம் இருட்டாக, பதிவு செய்யும். ராவில் நிழல் பகுதிகளைத் தூக்கும்போது நாய்ஸ் கூடுதலாக வரும். ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு இவை நல்ல வசதிகள். ராவை நம்புகிறவர்கள் அணைத்து வைப்பதே மேல். ஐஎஸ்ஓ 100 வேண்டும் என்று டயலைத் திருப்பியும் 200க்குக் கீழே இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

[திரையில்: வ்யூஃபைண்டர் வழியே ஒரு அறை. எக்ஸ்போஷரை மாற்ற மாற்றக் காட்சியும் மாறுகிறது]

அப்புறம், மிரர்லெஸ் கேமராவுக்கே உரிய ஒரு விஷயம். பழைய எஸ்எல்ஆரில் கண்ணாடியில் பட்டு வரும் நிஜ வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். மெனுவில் என்ன இருந்தாலும் அது மாறாது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் நாம் பார்ப்பது சென்சார் படித்து, உங்கள் செட்டிங்குகளின்படி சமைத்துத் தரும் படம். அப்படியானால் நாம் பார்ப்பது எவ்வளவு நம்பகமானது என்பதையே மெனுதான் முடிவு செய்கிறது.

சோனியில் இதற்கு லைவ் வ்யூ டிஸ்ப்ளே, செட்டிங் எஃபெக்ட் என்று பெயர். கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன். இதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். படம் இருட்டாக வருமா, வெளுத்துப் போகுமா என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரே விதிவிலக்கு ஸ்டுடியோ ஃப்ளாஷ். அறைக்குள் ஷட்டர் வேகம் 1/160, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், ஃப்ளாஷ் இன்னும் வெடிக்காத நிலையில் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாகத்தான் இருக்கும். கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. இந்த செட்டிங்கை மட்டும் அணைத்தால் ஆள் தெரிவார்.

படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் கேமராவுக்குள் உருவாகும் ஜேபெக்கிலிருந்துதான் வருகிறது. நிற பாணியை அழுத்தமான, பளபளப்பான ஒன்றில் வைத்திருந்தால், ராவில் பத்திரமாக இருக்கும் மேகங்கள்கூட வெளுத்துவிட்டதாக அது காட்டும். நியூட்ரல் பாணி வைத்தால் கணக்கு உண்மைக்கு இன்னும் நெருங்கும். படம் பார்க்கும்போது வெளுத்த இடங்கள் கண் சிமிட்டும் எச்சரிக்கையையும் ஆன் செய்துவிடுங்கள்.

[திரையில்: அறைக்குள் ஓடும் குழந்தை. ஒரு படம் 1/60இல், இன்னொன்று 1/500இல்]

இனி வருவதுதான் இந்த வீடியோவில் எனக்கு மிக முக்கியமான இடம்: ஆட்டோ ஐஎஸ்ஓ. பலர் இதை ஆன் செய்துவிட்டு, அதற்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஐஎஸ்ஓ எவ்வளவு உயரம் போகலாம் என்ற உச்சவரம்பு. மற்றொன்று, ஷட்டர் வேகம் எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற அளவு.

இரண்டாவதைத் தானியங்கியில் விட்டால், கேமரா பெரும்பாலும் லென்ஸின் குவியத் தூரத்தை வைத்து முடிவெடுக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/60 பக்கத்தில் நிற்கும். நம் கை நடுக்கத்துக்கு அது போதும். எதிரே ஓடுகிற குழந்தைக்குப் போதாது. இடப்பக்கப் படத்தைப் பாருங்கள். பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்பு ஒவ்வொன்றும் கூர்மையாக இருக்கிறது. குழந்தையின் கை மட்டும் புகை மாதிரி இழுபட்டிருக்கிறது. கேமரா உடலுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கையின் அசைவைத்தான் தடுக்கும், எதிரே இருப்பவரின் அசைவை அல்ல. நடந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு 1/250, ஓடுகிற குழந்தைகளுக்கும் விளையாட்டுக்கும் 1/500 அல்லது அதற்கு மேல் என்று நீங்களே எண்ணைக் கொடுங்கள்.

உச்சவரம்பு? இங்கேதான் பலர் பயந்து 1600 அல்லது 3200இல் பூட்டு போட்டுவிடுகிறார்கள். முழு ஃப்ரேம் சென்சார் என்றால் 12,800 வரைகூட விடலாம், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்சி சென்சார் என்றால் 6400 வரை விடலாம் என்பது என் கருத்து. நம் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். நாய்ஸைக் குறைக்க இன்றைக்கு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. அசைந்து குழம்பிய முகத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர எதுவும் இல்லை.

[திரையில்: எல்இடி விளக்கின் கீழ் எடுத்த படம். குறுக்கே கறுப்புப் பட்டைகள்]

ஷட்டர் வகைக்கு வருவோம். மெக்கானிக்கல் (திரைகள் நிஜமாகவே நகரும்), எலக்ட்ரானிக் முதல் திரை (தொடக்கம் சென்சாரில், முடிவு மட்டும் திரையால்), முழு எலக்ட்ரானிக் (எந்தத் திரையும் நகராது) என்று மூன்று இருக்கும். முழு எலக்ட்ரானிக்கில் சத்தமே இருக்காது, அதனால் ஆசையாக இருக்கும். ஆனால் சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சார்களில் இதற்கு நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகலாம். அதற்குள் மட்டை வீச்சு பாதி முடிந்துவிடும், படத்தில் மட்டை வளைந்து தெரியும்.

திரையில் உள்ள பட்டைகளுக்கும் இதுவே காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. நம் கண்ணுக்குத் தெரியாது. வரிவரியாகப் படிக்கும் சென்சாருக்கு நன்றாகவே தெரியும். ராவில் எடுத்தாலும் இந்தப் பட்டைகளை எடுப்பது பெரும்பாடு. ஆகவே விளக்கொளியில் மெக்கானிக்கல் ஷட்டரும், விளக்கு பிரகாசிக்கும் கணம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் செட்டிங்கும். எலக்ட்ரானிக்தான் வேண்டும் என்றால், 50 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/120 அல்லது 1/60 வையுங்கள். சோனி 2023இல் அறிவித்த ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு முழு சென்சாரையும் ஒரே கணத்தில் படிக்கிறது, அதனால் அதில் வளைவு வராது. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது அப்படிப்பட்டதல்ல.

எலக்ட்ரானிக் முதல் திரை அன்றாட வேலைக்கு நல்லது, அதிர்வு குறையும். எஃப் 1.4 மாதிரி அகலத் திறந்த லென்ஸில் 1/2000க்கு மேல் போகும்போது மட்டும் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். இல்லையென்றால் பின்னணியில் மங்கலான ஒளிவட்டங்கள் ஓரம் வெட்டுப்பட்டு வரும்.

ஃபோகஸைப் பொறுத்தவரை, தொடர் ஃபோகஸிலேயே ஆரம்பியுங்கள். கேனானில் சர்வோ, மற்ற பலவற்றில் ஏஎஃப்சி. கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியை ஆன் செய்து, எதைத் தேட வேண்டும் என்பதில் மனிதரா, விலங்கா, பறவையா என்று சரிபாருங்கள். பறவை என்று வைத்துவிட்டு வீட்டு விசேஷத்துக்குப் போனால் முகங்களைக் கேமரா கண்டுகொள்ளாமல் போகலாம். பின்பக்கப் பட்டனால் ஃபோகஸ் செய்யும் முறையைப் பலர் புகழ்வார்கள். நல்ல முறைதான், ஆனால் முதல் வாரத்திலேயே அதற்கு மாற வேண்டிய அவசியமில்லை. கேமரா கைக்குப் பழகட்டும்.

மீதியை வேகமாகப் பார்த்துவிடலாம். பீப் சத்தத்தை அணையுங்கள். தூரத்தில் இருப்பவர் முகத்தில் ஆரஞ்சு ஒளி அடிக்கும் ஃபோகஸ் விளக்கையும் அணைக்கலாம். நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு ஆனில் இருந்தால், 30 நொடி எடுத்த பிறகு இன்னொரு 30 நொடி கேமரா கையைக் கட்டிப்போடும். ஷட்டரை மூடி இருட்டுப் படம் ஒன்றை எடுத்து ஒப்பிடுவதால் அந்தத் தாமதம். அவசரம் இல்லாத இரவுப் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவோடு பேசாத பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால், அதன் குவியத் தூரத்தை ஸ்டெபிலைசேஷன் மெனுவில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

[திரையில்: மை மெனு பக்கத்தில் ஐந்து வரிகள்]

அடிக்கடி மாற்றப் போகும் செட்டிங்குகளை, நாமே அமைத்துக்கொள்ளும் பக்கமான மை மெனுவில் சேருங்கள். நான் பரிந்துரைப்பது இவை: கார்டு ஃபார்மட், ஷட்டர் வகை, ஆன்டி ஃப்ளிக்கர், வ்யூஃபைண்டரின் எக்ஸ்போஷர் காட்சி, குறைந்தபட்ச ஷட்டர் வேகம். ஃபார்மட்டைக் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள். டயலில் நம் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் சி1, சி2 இருந்தால் ஒன்றில் அசையாத மனிதர்கள், மற்றொன்றில் ஓட்டமும் விளையாட்டும்.

எல்லாம் முடிந்ததும், செட்டிங்குகளைக் கார்டில் சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று அமைப்புப் பகுதியில் தேடுங்கள். ரீசெட் செய்ய வேண்டி வந்தாலும், ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினாலும் ஒரே நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிடும். ஆனால் அந்த ஃபைலும் அதே கார்டில்தான் இருக்கிறது, அடுத்த ஃபார்மட்டோடு போய்விடும். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் கார்டை ஃபார்மட் செய்து படமெடுக்கக் கிளம்புங்கள்.