பீப்பாயைக் கைது பண்ண போலீஸ்

எல்லாருக்கும் வணக்கம். சர்வாதிகாரம்னாலே டாங்கியும் யூனிஃபார்மும்தான் நம்ம கண்ணுக்கு வரும். ஐரோப்பாவுல இருக்கிற செர்பியாவை 1990கள்ல ஆண்ட அதிபர் மிலோசெவிச் அப்படி ஆளல. அங்க தேர்தல் நடந்துச்சு, எதிர்க்கட்சி இருந்துச்சு, பத்திரிகையும் இருந்துச்சு, எல்லாத்தையும் இருக்கவிட்டுத்தான் ஆண்டாரு. எதிர்க்கட்சிக்காரங்க தங்களுக்குள்ளயே அடிச்சிக்கிட்டுக் கெடந்தாங்க, அரசு டிவி சொன்னதுதான் கிராமத்துக்குச் செய்தி, மீறி எழுதுன பத்திரிகைக்குப் பூட்டெல்லாம் போட வேணாம், 1998ல ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்து கட்டவே முடியாத அபராதம் போட்டாங்க. அதுக்கும் அடங்காத ஸ்லாவ்கோ சுருவியாங்கிற பத்திரிகைக்காரர் 1999 ஏப்ரல்ல அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொல்லப்பட்டாரு. ஒரு சாவு போதும்ங்க, நூறு பேர் பேனாவை மூடிருவாங்க.

இந்தப் பயத்து மேலதான் கைய வெச்சாங்க தலைநகர் பெல்கிரேடு காலேஜ் பசங்க. 1998 அக்டோபர்ல ஒட்போர்னு ஒரு இயக்கம், ஒட்போர்னா எதிர்ப்பு. கடைத்தெருவுல ஒரு பீப்பாய், அதுல அதிபர் மூஞ்சி, பக்கத்துல ஒரு கட்டை. காசு போட்டுட்டு ஒரு அடி அடிக்கலாம். பசங்க ஒதுங்கிட்டாங்க, கடைக்கு வந்த சனம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. போலீஸ் வந்துச்சு, யாரைப் புடிக்கிறது? அடிச்சவன் போய்ட்டான், வெச்சவன் யாருன்னு தெரியல, கடைசில பீப்பாயைத் தூக்கிட்டுப் போனாங்க, ஊரே நின்னு பாத்துச்சு.

இது வெளையாட்டு இல்லங்க. ஆயிரத்துக்கும் மேல கைது, அடியும் வாங்கிருக்காங்க. ஆனா ஒருத்தனை உள்ள கொண்டு போனா, மத்தவங்க வக்கீலோட ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பாங்க, வெளிய வரும்போது கைதட்டி கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு இதுதான் அந்தப் போராட்டத்தோட உயிர்னு தோணுது, ஏன்னா உள்ள தனியா உக்காந்திருக்கிறவனுக்கு வாசல்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா பாதி பயம் அங்கயே போயிரும். போலீஸையும் அவங்க எதிரின்னு திட்டல, நீங்களும் எங்களை மாதிரிதான் கஷ்டப்படுறீங்கன்னு பேசுனாங்க.

2000 செப்டம்பர் 24 தேர்தல்ல 18 எதிர்க்கட்சி ஒண்ணா சேந்து, மிலோசெவிச்சுக்கு எதிரா கோஷ்டுனிட்சாங்கிறவரை வேட்பாளரா நிறுத்துச்சு. வாலண்டியர்ஸ் பூத் பூத்தா தனியா எண்ணி வெச்சிருந்தாங்க, அதுல கோஷ்டுனிட்சாவுக்குப் பாதிக்கு மேல வந்திருந்துச்சு, அதனால அரசாங்கம் யாருக்கும் பாதிக்கு மேல வரல, ரெண்டாவது சுத்து நடத்தணும்னு சொன்னப்போ பொய்னு உடனே தெரிஞ்சிருச்சு. அதை எதிர்த்து கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க வேலைய நிறுத்துனாங்க, நாட்டோட கரண்ட்ல பெரிய பங்கு அந்த நிலக்கரிலதான். போலீஸை அனுப்புனா, சுத்துவட்டார ஊர் சனம் ஆயிரக்கணக்குல வந்து நின்னுச்சு, போலீஸ் வழி விட்டுச்சு. மறுநாள் அக்டோபர் 5, பார்லிமென்ட்டும் டிவி ஸ்டேஷனும் சனத்தோட கைல.

ஒண்ணை மட்டும் மறைக்கக் கூடாது. அன்னிக்கு சுடாம ஒதுங்குன சிறப்புப் படையோட தளபதி, முன்னாடி நாள் ராத்திரி எதிர்க்கட்சித் தலைவர் ஜின்ஜிச்சோட பேசி முடிச்சிட்டுத்தான் ஒதுங்குனாரு. அந்தப் படைய அப்பவே கலைக்கல. ஜின்ஜிச் பிரதமரானாரு, 2003 மார்ச் 12ம் தேதி அவரை சுட்டுக் கொன்னாங்க, திட்டம் போட்டுக் குடுத்ததா தண்டனை வாங்கினது அதே தளபதி.