கீரைக்கார அம்மாவின் ரசீது

வணக்கம் நேயர்களே.

இந்த வாரம் ஒரு நாளாவது, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஏதாவது வாங்கியிருப்பீர்கள். ஒரு கட்டு அரைக்கீரை, கால் கிலோ பச்சை மிளகாய், இரண்டு முழம் மல்லிகை. விலை கேட்டிருப்பீர்கள், பேரம் பேசியிருப்பீர்கள். "இந்த இடத்தில் உட்காருவதற்கு யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் அதைக் கேட்டேன். இன்றைய பேச்சு முழுக்க அதிலிருந்துதான்.

உள்ளாட்சிகளின் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வது என் வேலையாக இருந்தது. முப்பது வருடம் அதையே செய்தேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் உட்காராத நகராட்சி, பேரூராட்சி அலுவலகம் குறைவு. கேட்பு, வசூல், நிலுவை என்று அங்கே ஒரு பேரேடு இருக்கும். எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, அவ்வளவுதான். ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பது அந்தப் பேரேட்டில் பாதிதான் தெரியும். மீதி சந்தையில் தெரியும்.

ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் போட்டுக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். தரைக்கடைக்கு நாளுக்குப் பத்து ரூபாய் என்று தீர்மானம், கோப்பில் தெளிவாக இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்படியே சந்தைக்குள் நடந்தேன். வயதான ஒரு அம்மா கொத்தமல்லியும் கீரையும் பரப்பி வைத்திருந்தார். கீரை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"இடத்துக்கு எவ்வளவும்மா கொடுக்கிறீங்க?"

"நாப்பது ரூவா தம்பி. மழை பேஞ்சு யாவாரம் ஓடலைனாலும் நாப்பதுதான்."

"ரசீது குடுத்தாங்களா?"

"ரசீதா? அது ஆபீசுல இருக்கிறவங்களுக்குல்ல குடுப்பாங்க!"

கோபமாகச் சொல்லவில்லை அவர். உலக நடப்பு தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார். ரசீது என்பது தனக்கு உரியதே அல்ல என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பேனா தேவையில்லை. ஒரு சந்தையில் இருநூறு தரைக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடைக்கு முப்பது ரூபாய் கூடுதல் என்றால் ஒரு சந்தை நாளில் ஆறாயிரம். வருடத்துக்கு 52 வாரம். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். இது அந்த அம்மா மாதிரிப் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்து போகிற பணம். நகராட்சிக்கும் வரவில்லை. ஏலத்துக்கு முன்பே நாலு பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்டால், குத்தகைத் தொகையும் ஏறாது. விற்பவருக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம். சந்தைக்குக் கூரை போடப் பணமில்லை என்று மன்றக் கூட்டத்தில் கைவிரிப்பார்கள். கூரைக்கான பணம் அந்தச் சந்தைக்குள்ளேயேதான் கை மாறிக்கொண்டிருந்தது.

என் அறிக்கையில் எழுதினேன். அப்போதிருந்த அதிகாரி நல்லவர், சந்தை வாசலில் கட்டணப் பலகை வைத்தார். தரைக்கடை பத்து ரூபாய், கேட்டு ரசீது வாங்கவும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த முறை போனபோது அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, சுருக்குப் பையிலிருந்து கத்தையாகச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்றையும் தூக்கி எறியவில்லை! அதற்குப் பிறகு சில மாதங்களில் அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. பலகை மறைந்ததும் பழைய வசூலும் திரும்பிவிட்டது. ஒரு நல்ல அதிகாரியோடு வந்தது அவரோடு போய்விட்டது. அதனால்தான் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தெரு விற்பனையாளர் சட்டம் என்று 2014-இல் ஒன்று வந்தது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெருவில் விற்பவர்களாகவே, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, விற்பனைச் சான்று தர வேண்டும். கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சந்தைச் சுங்கத்தைக் குத்தகைக்கு விடாமல் இந்தக் குழுவின் மேற்பார்வையில் நகராட்சியே ரசீது போட்டு வசூலிக்கட்டும். என் முதல் யோசனை இது. கையில் ஒரு தாள் இருப்பவர் நாளைக்கும் இங்கே உட்காரலாம் என்று தெரிந்து ஒரு தராசு வாங்குவார், குடை வாங்குவார், வங்கியில் கடன் கேட்பார்.

தாள் ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, நான் எங்கே போனாலும் சொல்கிற ஒரு கதை உண்டு. கதை என்றாலும் நடந்தது. விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகாத மதுரைக்காரர் உண்டா? அந்தத் தூண் பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நட்டது. 1840-களில் நம் ஊர் கோட்டைக்குள் அடைந்து கிடந்தது. நாயக்கர் காலத்து மதில், அதைச் சுற்றி அகழி. அகழி சாக்கடையாகித் தேங்கி, காய்ச்சல் பரப்பிக்கொண்டிருந்தது. ஊர் பெருகுகிறது, வீடு கட்ட இடமில்லை. இவ்வளவு பெரிய மதிலை யார் இடிப்பது, எந்தப் பணத்தில் இடிப்பது? அவர் ஒரு அறிவிப்புச் செய்தார். மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துச் சமப்படுத்துகிறவருக்கு அந்த மனை சொந்தம்.

அவ்வளவுதான், ஜனங்கள் இறங்கிவிட்டார்கள். வேலையை நடத்தியவர்களில் மாரட் என்பவர் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கோட்டைக்கு வெளியே அமைந்தது வெளி வீதி. இன்றைக்கு லாட்ஜும் பாத்திரக் கடையும் மொத்த வியாபாரமும் நெருக்கியடிக்கிற அந்த வீதிகள் எல்லாம், அன்று நாற்றமடித்த அகழியும் மதிலும் இருந்த இடம். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேற்கு வாசலின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பழைய மதிலை இடித்தது சரியா என்று வாதிடுகிறவர்கள் உண்டு, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நான் பிடித்துக்கொள்வது வேறு இடம். "இது உனக்கு" என்று எழுத்தில் சொன்னதும், கூப்பிடாமலே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் நம் ஆட்கள். கீரைக்கார அம்மா சீட்டுகளைச் சுருக்குப் பையில் சேர்த்து வைத்ததும் இதனால்தான்.

சரி, சந்தையை விட்டு வார்டுக்கு வருவோம்.

நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று நாம் அலைந்ததை இதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு காலம் திரும்ப வரவே கூடாது.

கிராமங்களில் கிராமசபை உண்டு, எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அதற்கு ஈடாகப் பகுதி சபை வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது. மதுரை மாநகராட்சியில் நூறு வார்டுகள். ஒரு வார்டையே சில பகுதிகளாகப் பிரித்து, உங்கள் நாலைந்து தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுகிற இடம் இது. ஆனால் அங்கே பேச நம் கையில் என்ன இருக்கிறது? குறை மட்டும்தான் இருக்கிறது, கணக்கு இல்லை. குறையை மட்டும் கொண்டுபோனால் "பார்க்கலாம்" என்ற பதில் வரும். கணக்கைக் கொண்டுபோனால் அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் என் இரண்டாவது யோசனை, உண்மையில் முதல் யோசனையேதான். ஒவ்வொரு வார்டிலும் ரேஷன் கடைச் சுவரிலோ குடிநீர்த் தொட்டிச் சுவரிலோ, இந்த வார்டில் வசூலான சொத்து வரி இவ்வளவு, தண்ணீர்க் கட்டணம் இவ்வளவு, இந்த வார்டுக்குச் செலவானது இவ்வளவு என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெயின்ட்டில் எழுத வேண்டும். இணையத்தில் போட்டிருக்கிறோம் என்பார்கள். போடட்டும், நல்லதுதான். ஆனால் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண் கண்ணில் படுவது சுவர். 2022-இல் சொத்து வரி உயர்ந்தபோது எல்லோரும் கோபப்பட்டோம். அந்தச் சுவர் அப்போது இருந்திருந்தால், உயர்த்திய பணம் எந்தச் சாக்கடைக்குப் போகிறது என்றாவது கேட்டிருப்போம்.

சுவரில் எழுதினால் பணக்கார வார்டும் ஏழை வார்டும் சண்டை போடும் என்று ஒரு நண்பர் பயந்தார். ஒரு வார்டின் வரி அந்த வார்டுக்கே என்று நான் சொல்லவில்லை. பெரிய வீட்டு வரி குடிசைத் தெருவுக்குப் போகத்தான் வேண்டும். போகிறது என்பதைக் காட்டினால் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். மல்லிகையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ நம் மதுரை மல்லி. பனிக்காலத்து முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும். வரத்து பெருகிய நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் சந்தைகளுக்கு அருகே உள்ளாட்சியே சிறிய குளிர்பதன அறை வைத்தால் ஒரு நாள் இருநாள் தாக்குப்பிடிக்கலாம். சுங்குடியைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை.

ஒன்றை மட்டும் விட மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்குப் பூக்கூடையோடு வருகிற பெண், மதியம்வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். போவதற்குக் கழிப்பறை இல்லை, இருந்தால் பூட்டு. உங்கள் பகுதி சபை கூடும்போது, கட்டணப் பலகையும் ரசீதும் கேட்கிற அதே தீர்மானத்தில், சந்தைக்குள் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, சாவி விற்பனையாளர் குழுவிடம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.